தம்பி குரல் மட்டும் கேட்கும் அம்மா

அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எப்போதாவது வந்துபோகும் தம்பி பேசினால் அவளுக்கு உடனே கேட்கும்; நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். எந்த மகளுக்கும் இது உறுத்தும். சத்தம் போட்டால், "ஏன் இப்படி எரிந்து விழுகிறாய்?" என்பாள். கடைசியில் மாத்திரை, மருத்துவமனை தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

செவித்திறன் பரிசோதனையில்தான் விஷயம் விளங்கியது. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் கோடு தாழ்ந்த சுருதிகளில் ஓரளவு ஒழுங்காக வந்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரேலென இறங்கியது. வயதானால் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகள்தான் முதலில் போகும். பேச்சில் உயிரொலிகள் கேட்கும். ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். யாரோ பேசுவது தெரியும், என்னவென்று பிடிபடாது. கனத்த ஆண் குரல் எட்டும் அளவுக்குப் பெண் குரல் எட்டாது. கத்துவதும் வீண்: உயிரொலிதான் பெருக்குமே தவிர மெய்யொலி தெளியாது. தம்பிமேல் இருந்த பொறாமையை (இருந்தது, மறைப்பானேன்?) அந்த ஒரு தாள் பாதியாகக் குறைத்தது.

காது கேட்கும் கருவி வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். வெட்கம் அல்ல காரணம். இன்னொரு செலவை மகள் தலையில் ஏற்றக் கூடாது என்பதுதான். நான் வாதாடவில்லை. வாங்குமுன் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். எந்த மாடல் என்பதை அவளிடமே விட்டேன்.

முதல் சில வாரங்கள் சிரமம். தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றாள். செய்தித்தாள் புரட்டும் சத்தம்கூட எரிச்சலூட்டியது. பலர் இந்தக் கட்டத்தில்தான் கருவியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மறந்துபோன ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வேண்டும். அமைதியான அறையில் தினமும் கொஞ்ச நேரம் என்று தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டினோம். மறுபடி போனபோது ஒலி அமைப்பைத் திருத்திக் கொடுத்தார்கள். பேட்டரியை அவளே மாற்றுகிறாள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பிரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகுதான் போட வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு.

கூட்டத்தில் இன்னும் தடுமாற்றம்தான், அங்கே கழற்றிவிடுகிறாள். வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது, சண்டையும் சேர்த்து. கேட்காது என்ற தைரியத்தில் நான் முணுமுணுத்துவந்ததற்கெல்லாம் இப்போது உடனுக்குடன் பதில் வருகிறது.