பில்லின் மூன்றாம் பக்கம்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். யார் பில் தந்தாலும் வரிவரியாக வாசிக்காமல் காசு கொடுக்க எனக்கு வராது. அம்மாவை டெங்குக் காய்ச்சலோடு சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், காசாளர் கூண்டுக்கு முன்னால் நின்றே வாசித்தேன். ஐந்து நாள், நான்கு பக்கம்.

முதல் பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு இரத்தப் பரிசோதனைக்கு 400 ரூபா, டெங்கு அன்டிஜன் பரிசோதனைக்கு 1,200 ரூபா என்று அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்த உச்சவிலைக்கு மேல் ஒரு சதமும் எடுக்கவில்லை. அந்த விலையை வரவேற்பு மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. பிளேட்லெட் இறங்கிய நாட்களில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தார்கள். அது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதினொரு பரிசோதனைக்கும் கீழே பதினொரு தடவை "மாதிரி எடுத்தல், 450 ரூபா" என்று இருந்தது. பரிசோதனைக்கு 400, ஊசி குத்திய கூலி 450. அதற்கும் கீழே கையுறை, 74 சோடி. நாளொன்றுக்குக் கிட்டத்தட்டப் பதினைந்து சோடி வருகிறது. நான் இரவு பகலாக விழித்திருந்த அந்தக் கட்டிலருகே அத்தனை கைகள் வரவில்லை.

காசாளர் பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, அது கம்பியூட்டரில் தானாக விழுகிறது. என்னால் குறைக்க முடியாது" என்றாள். அந்தப் பிள்ளையைச் சொல்லி என்ன பயன்? காசு கட்டினால்தான் வீட்டுக்குப் போகத் துண்டு தருவார்கள். கட்டினேன்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனம் ஒவ்வொன்றும் பதிவுசெய்துகொள்ள வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அவற்றை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு பேரவையும் இருக்கிறது. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சேலையின் விலையை மட்டும் கட்டிவைத்துவிட்டு, மடிக்கும் கூலியையும் பையின் விலையையும் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்று கடையில் இருக்கிற எனக்குத் தெரியும். சேலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்காவது போகலாம். இரவு பதினொரு மணிக்கு, 102 பாகை காய்ச்சலில் நடுங்குகிற அம்மாவை முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு கொழும்பின் காலி வீதி நெடுக எங்கே விலை கேட்டுத் திரிவது?

டெங்கு நோயாளிக்கு ஒரு நாளைக்கு, கையுறை, ஊசி, தாதியர் சேவை எல்லாம் அடங்கலாக, இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வேண்டும். நோயாளியைச் சேர்க்கும்போதே அதை எழுத்தில் தர வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் தர வேண்டும். எங்கள் பில் முழுக்க ஆங்கிலம். தினமும் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிக்கிற என் அம்மாவுக்கு, தன் உடம்புக்குப் போட்ட கணக்கை வாசிக்க முடியவில்லை.

அம்மாவைப் பார்த்த வைத்தியர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். நள்ளிரவிலும் வந்து சேலைன் அளவைத் தானே சரிபார்த்தார். அவருக்கும் அந்தத் தாதிமாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். என் கோபம் அவர்கள் மீதில்லை.

நேற்றிரவு பேரவைக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தின் பிரதியில் அந்தப் பன்னிரண்டு வரிகளுக்கும் சிவப்பு மையால் கோடிட்டு இணைத்தேன். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தாயிற்று. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். அம்மா இன்றைக்குத்தான் கஞ்சியை விட்டுச் சோறு கேட்டார்.