போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன், ஆனாலும் கிளாகோமா

நாலு லீவு போட்டு நேத்துதான் ஒருவழியா ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. கிளாகோமா ஆரம்பம், அதாவது கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டு பார்வை போற நோய். இடது கண்ணுல மூக்குப் பக்கம் மேல் ஓரமா கொஞ்சம் பார்வை ஏற்கனவே போயிருக்கு, எனக்கு ஒரு நாள்கூட தெரியல. ஒரு கண்ணு விட்டத இன்னொரு கண்ணு சரிக்கட்டிருது.

அப்பாவுக்கும் இதேதான். புரைன்னு நெனச்சு, முத்தட்டும்னு ரெண்டு வருஷம் உக்காந்திருந்தோம், போன பார்வை திரும்பல. அப்பவே பிள்ளைங்களும் செக் பண்ணிக்கோங்கன்னு சொன்னாங்க, நான் என்னடான்னா வருஷா வருஷம் கண்ணாடிக் கடைல போர்டு படிச்சுட்டு கண்ணு சூப்பர்னு வந்துட்டிருந்தேன். அங்க பாக்குறது பவர். நரம்ப யாரு பாத்தா?

முத தடவ ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல என்ன பிராப்ளம்னு கேட்டாங்க. ஒண்ணுமில்ல மேடம், சும்மா செக்கப்னு சொல்லித் தொலைச்சேன். கண்ணாடிக்குன்னு எழுதி பவர் பாக்குற வரிசைல உக்கார வச்சு, புது நம்பர் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. "அப்பாவுக்கு கிளாகோமா, கண் பிரஷரும் நரம்பும் பாக்கணும்"னு வாயத் தொறந்து சொல்லுங்க, இல்லன்னா அரை நாள் போச்சு.

ரெண்டாவது தடவ அப்படியே சொன்னேன். பிரஷர் ஒரு கண்ணுல 26, இன்னொண்ணுல 24 (21 வரைக்கும் நார்மலாம், ஆனா அதுக்குள்ள இருந்தாலும் சிலருக்கு வருமாம்). சொட்டு விட்டு நரம்பப் பாத்த டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் (ஓரம் வரைக்கும் எங்கெங்க பார்வை இருக்குன்னு பாக்குறது) எழுதினார். அங்க போனா, "சொட்டு விட்டுட்டாங்களே சார், கண் பாப்பா விரிஞ்சிருக்கு, இன்னொரு நாள் வாங்க." இத முன்னாடியே யாராச்சும் சொல்லக்கூடாதா? இதுல நான் பைக்ல வேற போயிருந்தேன். வெயில்ல கண்ணத் தொறக்க முடியல, வண்டிய அங்கயே போட்டுட்டு ஆட்டோ புடிச்சா ஜிபே பண்ண ஃபோன்ல எழுத்தே தெரியல, ஆட்டோக்காரர்கிட்டயே குடுத்து அமவுண்ட் போடச் சொன்னேன். நல்ல மனுஷன், கரெக்டா 120 தான் போட்டார்.

மூணாவது தடவ ஃபீல்டு டெஸ்ட். சாப்பிட்டு மத்தியானம் போனது தப்பு. இருட்டு ரூம், தாடைய வச்சு கிண்ணம் மாதிரி ஒண்ணுக்குள்ள பாக்கணும், புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும், தெரிஞ்சா பட்டன். நான் பாதி தூக்கத்துல வெளிச்சத்தத் தேடி கண்ண அலைய விட்டேன். "நடுவுலயே பாருங்க சார்"னு அந்தப் பொண்ணு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுது. ரிப்போர்ட் நம்ப முடியாதுன்னு திருப்பி வரச் சொல்லிட்டாங்க.

நாலாவது தடவ காலைல, காபி குடிச்சுட்டு. இந்தத் தடவ டெஸ்ட் ஒழுங்கா முடிஞ்சுது! பல புள்ளி தெரியாமதான் போகும், மெஷினே அப்படி மங்கலாக்கித்தான் சோதிக்கும், பதறி சும்மா பட்டன அமுக்காதீங்க. கண் சிமிட்டலாம்.

இப்ப ராத்திரிக்கு ஒரு சொட்டு. விட்டதும் கண்ண மூடி மூக்கோர மூலைய ரெண்டு நிமிஷம் அமுக்கிக்கணும். வீசிங் இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க, சில சொட்டு மருந்து அவங்களுக்கு ஆகாது.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "எனக்கு நல்லாத்தானேடா தெரியுது"ங்குறா. சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன், ஆட்டோல.