சாய்ந்த பிரிட்ஜும் என் வலது கையும்

மல்டிஸ்கேல் பேஸ் கிதாருக்கு (கம்பிக்குக் கம்பி நீளம் மாறும் வகை) மாறிவிட்டேன் என்றால் எல்லோரும் இடது கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஃப்ரெட்டெல்லாம் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) விசிறி மாதிரி விரிந்திருக்கிறதே, விரல் குழம்பாதா? குழம்பாது. தினமும் கொஞ்சம் சுர வரிசை வாசித்தால் பழகிவிடும். முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டில் சற்று எட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என்னை வேலை வாங்கியது வலது கை.

பல வருடங்களாக என்னிடம் இருந்தது ஃபெண்டர் ப்ரெசிஷன் வகை நாலு கம்பி பேஸ், 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்). சென்னையில் கல்யாண ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் வாசிப்பவர்களுக்குத் தெரியும்: பாடுபவர் மேடையேறிய பிறகுதான் "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். நாலு கம்பியில் மிகத் தாழ்ந்த ஈ கம்பிக்குக் கீழே போக இடமிருக்காது. ஐந்து கம்பி பேஸை வாங்கினால், 34 அங்குலத்தில் கூடுதலாக வரும் தாழ்ந்த பி கம்பி பெரும்பாலும் தொளதொளவென்றுதான் இருக்கும். பி-யின் அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ். அதே கம்பியை அதே சுருதியில் 37 அங்குலத்துக்கு நீட்டினால் இழுவிசை ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். மிக மெல்லிய ஜி கம்பிக்கு அந்த நீளம் தேவையில்லை, 34 போதும். தடிமனான கம்பிக்கு நீளம், மெல்லிய கம்பிக்குக் குட்டை என்பதுதான் மல்டிஸ்கேல். யோசனை பழையது. 16ஆம் நூற்றாண்டின் ஆர்ஃபாரியன் என்ற கருவியிலேயே ஃப்ரெட்டைச் சாய்த்திருக்கிறார்கள். நம் காலத்தில் ரால்ஃப் நோவாக் என்ற அமெரிக்க கிதார் தயாரிப்பாளர் 1989இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நான் வாங்கியது செகண்ட் ஹேண்டாக வந்த ஒரு டிங்வால் நிறுவன பேஸ்: பி-க்கு 37 அங்குலம், ஜி-க்கு 34.

வாசித்த முதல் ரிஹர்சலிலேயே, கோடம்பாக்கத்தில், எங்கள் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். "தம்பி, மேல் கம்பிக்குப் போனா சவுண்டு மெலியுதே. ஈக்யூல ஏதாவது பண்ணியா?" ஈக்யூவை (ஒலியின் தடிப்பையும் கூர்மையையும் மாற்றும் திருகுகள்) நான் தொடவே இல்லை. ஜி கம்பி தகரம் மாதிரி ஒலித்தது; பி தடித்து மந்தமாக இருந்தது.

காரணத்தை வீட்டில் அளவுநாடா வைத்துப் பார்த்தேன். என் பேஸில் 7வது ஃப்ரெட் மட்டும் நேராக இருக்கிறது, மற்றவை அதிலிருந்து இருபுறமும் சாய்கின்றன. பி-க்கும் ஜி-க்கும் உள்ள 3 அங்குல வித்தியாசம் சரிபாதியாகப் பிரிவதில்லை. நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பக்கம் 1 அங்குலம், பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் 2 அங்குலம். 7வது ஃப்ரெட் நட்டிலிருந்து கம்பி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பதால் வரும் கணக்கு இது. ஆக, இடது கையைவிட வலது கைப் பக்கம்தான் மாற்றம் இரட்டிப்பு. ஆனால் கடையில் எல்லோரும் ஃப்ரெட்டைத்தான் பார்க்கிறோம்.

கட்டைவிரலைப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) ஓரத்தில் ஊன்றி, விரல்களை நேர்க்கோட்டில் இறக்குவது என் வழக்கம். இந்தப் பேஸில் அப்படிச் செய்தால் பி கம்பியை சாடிலிலிருந்து (பிரிட்ஜில் கம்பி அமரும் இடம்) 6 அங்குலத்தில் மீட்டுகிறேன், ஜி-யை 4 அங்குலத்தில். பிரிட்ஜை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும், மெலியும். இதில் ப்ரெசிஷன் பழக்கம் வேறு எதிர்த்திசையில் இழுக்கும். அதன் இரட்டைப் பிக்கப்பில் ஈ, ஏ பாதி கழுத்துப் பக்கம், டி, ஜி பாதி பிரிட்ஜ் பக்கம். மெல்லிய கம்பிக்குப் போகும்போது கை தானாகப் பிரிட்ஜை நோக்கி நகரும். மல்டிஸ்கேலில் கழுத்தை நோக்கி நகர வேண்டும்.

முதலில் கட்டைவிரலை விடுவித்தேன். பி வாசிக்கும்போது மட்டும் பிக்கப் மேல். ஈ-க்கு வந்தால் பி மேல். ஏ-வுக்கு வந்தால் ஈ மேல் சாய்ந்து, பி-யையும் தொட்டு அடக்கும். கம்பிகளை ம்யூட் செய்யும் வேலையும் இதிலேயே முடிகிறது. மீட்டும் இடத்துக்கு வழிகாட்டி பிக்கப்பேதான். அதுவும் பிரிட்ஜோடு சேர்ந்து சாய்ந்திருப்பதால், அதன் விளிம்பை ஒட்டி விரல் போனால் ஐந்து கம்பிக்கும் ஒலி ஒன்றுபோல் வரும். போனை மேலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டி, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பி-யிலிருந்து ஜி-க்கும் திரும்ப பி-க்கும் போய் வந்தேன். கண் பார்த்தால் சரியாக வரும். வேகம் கூடினால் கை பழைய நேர்க்கோட்டுக்கே ஓடும். வேகத்தை மெதுவாகத்தான் ஏற்ற முடிந்தது.

இதில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. முழங்கையை நீட்டினால் முன்கை போகும் திசையும் அந்தச் சாய்வின் திசையும் ஏறக்குறைய ஒன்று. மணிக்கட்டை ஒடிக்காமல் முன்கையை நீட்டினாலே விரல் ஜி-க்குப் போய்விடுகிறது. நீண்ட கச்சேரிக்குப் பிறகு மணிக்கட்டில் வரும் வலி குறைந்திருக்கிறது. பாம் ம்யூட்டும் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அடக்கி வாசிப்பது) அப்படியே: உள்ளங்கை ஓரம் சாடில் வரிசைமேல் இயல்பாகவே படிகிறது. பேஸை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் இந்த வசதியெல்லாம் கிடைக்காது, ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அழுத்தம். தொளதொள பி-யை ஓங்கி இழுத்துப் பழகியவர்களுக்கு இறுக்கமான பி பிடிவாதமாகத் தெரியும், இன்னும் பலமாக இழுக்கத் தோன்றும். வேண்டாம். மென்மையாக மீட்டி ஆம்பில் கெயினை ஏற்றினால் சுருதி தெளிவாக நிற்கிறது. விரல் கம்பிக்குக் குறுக்கே நேராகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கையைச் சாய்க்கும்போது விரலும் கோணலாகப் போனால் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பியில் கரகரவென்று உரசும். நம் ஊர் வியர்வையில் விரல் பிசுபிசுத்தால் இன்னும் மோசம். விரல் முட்டிகளைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் அந்தச் சத்தம் போய்விடும்.

கம்பி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 34 அங்குலத்துக்கான சாதாரண செட்டில் பி கம்பி இதற்கு எட்டாமல் போகலாம், பாக்கெட்டில் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) எனக்கு இதில் இன்னும் கைவரவில்லை. ஃப்ரெட் போர்டின் முனையும் சாய்ந்திருப்பதால் கட்டைவிரல் அடிக்கும் இடம் கம்பிக்குக் கம்பி மாறுகிறது. அப்படிப்பட்ட பாட்டு வந்தால் பழைய நாலு கம்பியைத்தான் எடுக்கிறேன்.