இரண்டு முறை வந்த ஒரு மணி

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவாய் ஐரோப்பாவுக்குப் போகும், நண்டுச் சதை அமெரிக்காவுக்கு. தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பல் ஏறிவிட்டால் சரக்கு எங்கள் கையை விட்டுப் போய்விடும். ஆனால் அந்தச் சரக்கைப் பற்றிய செய்திகள் போகாது. எந்தப் படகில் எடுத்தது, எத்தனை மணிக்கு ஐஸ் போட்டது, யார் பார்த்துச் சரி சொன்னது என்று மாதக்கணக்கில் கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் தப்பு யார் மேல் என்று முடிவாகிறது. அதனால், வெளிநாட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவது எனக்கு அவர்கள் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை.

நம் பக்கத்தில் அதற்குத் தேவை இருந்ததில்லை. ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரி சொச்சம்தான் தள்ளி இருக்கிறது. இங்கே வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இருக்காது. அந்தக் கோடை வெளிச்சத்தை மாலைக்கு நகர்த்தத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் இப்படி ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். எதிர்க்கரை இலங்கை 1996இல் ஒரு மணி நேரம் முன்னால் போனது. அந்த வருஷமே அரை மணி நேரம் பின்னால் வந்தது. 2006இல்தான் நம்முடைய நேரத்துக்கே திரும்பியது. இன்றைக்கு தனுஷ்கோடியில் நிற்கும்போது போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டாலும் அதில் மணி மாறாமல் இருப்பது அதனால்தான்.

ஐரோப்பாவும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் வரும். இரண்டு தடவையும் உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் ஒரே நொடியில், ஒரு மணிக்கு நடக்கும். நமக்கு அப்போது காலை ஆறரை. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். வளைகுடாவில், கீழக்கரைக்காரர்கள் நிறைய இருக்கும் துபாயிலும் கத்தாரிலும், மாற்றமே கிடையாது. அமெரிக்கா மாறி ஐரோப்பா மாறாத இரண்டு மூன்று வாரம் மார்ச்சில் வரும். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் சரக்கு சேர்க்க நாங்கள் பறந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை.

மார்ச்சில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். அதையாவது சமாளித்துவிடலாம். அக்டோபரில் ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும். அதுதான் ஆபத்து. பிரிட்டனில் அந்த ஞாயிறு அதிகாலை மணி 1:00 ஆகும், 1:59 வரை போகும், மறுபடியும் 1:00 ஆகும். அங்கே ஊரே தூங்குகிற நேரம், யாருக்கும் பாதிப்பில்லை. நமக்கு அது காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ராமேஸ்வரம் ஜெட்டிக்குத் திரும்பி, ஏலமும் எடையும் நடக்கிற நேரம்.

அப்படி ஒரு ஞாயிறு காலை 6:20க்கு எங்கள் கொள்முதல் அண்ணன் ஜெட்டியிலிருந்து செய்தி போட்டார். ஒரு படகின் கணவாயில் முதல் லாட்டை எடுத்து வண்டியில் ஏற்றியாச்சு, ஐஸ் சரியாக இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன் என்று. 6:40க்கு எங்கள் தரப் பிரிவு பதில் போட்டது. அதே படகின் அடிப்பெட்டியில் ஐஸ் கரைந்திருக்கிறது, இனி அந்தப் படகில் எடுக்க வேண்டாம் என்று. அவரும் எடுக்கவில்லை. இரண்டு செய்தியும் பிரிட்டனில் இருக்கும் வாங்குபவரின் மென்பொருளில் பதிவாயின. முதல் செய்திக்கு 1:50, பதிலுக்கு 1:10.

சில மாதம் கழித்து அவர்கள் தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைப் பிரித்தபோது வரிசை தலைகீழாக இருந்தது. வேண்டாம் என்று 1:10க்குச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு அப்புறமும் 1:50க்கு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். தரப் பிரிவின் பேச்சைக் கொள்முதல் ஆள் மதிப்பதில்லை என்று குறிப்பு எழுதினார். கண்ணால் பார்த்ததை எழுதினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏம்மா, நான் ஏத்துனதுக்கு அப்புறந்தானம்மா வேண்டாம்னு சொன்னாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பல வருஷமாக ஜெட்டியில் கெட்ட சரக்கை ஒதுக்கி நல்ல பெயர் வாங்கியவர். இங்கிலீஷில் எழுதிய ஒரு வரி அவரைப் பொய்யராக்கிவிட்டது.

நல்லவேளை, அந்த மென்பொருள் ஒவ்வொரு செய்திக்கும் எங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பும். மின்னஞ்சலின் தலைப்புத் தகவலைத் திறந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் யுடிசியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதும் இருக்கும். முதல் மின்னஞ்சலில் 01:50, பக்கத்தில் +0100. இரண்டாவதில் 01:10, பக்கத்தில் +0000. விலகலைக் கழித்தால் 0:50, 1:10. இருபது நிமிட இடைவெளி, சரியான வரிசை. மென்பொருள் விலகலை எறிந்துவிட்டு மணியை மட்டும் வைத்துக்கொண்டதுதான் வினை. இரண்டு தலைப்பையும் இந்திய நேரத்தையும் ஒரே தாளில் போட்டு அனுப்பினேன். குறிப்பை எழுத்து மூலமாகவே நீக்கினார்கள்.

செய்தி பதிவாகும் நொடியை யுடிசியில் சேமிக்க வேண்டும். பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மணியைத் திரையில் காட்டும்போது மட்டும் கணக்கிட வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, நம் போன்களே அப்படித்தான் இயங்குகின்றன. "ஆசியா/கொல்கத்தா" மாதிரி ஊர்ப் பெயர்களும் ஒவ்வொரு நாட்டின் விதிகளும் அடங்கிய பொதுப் பட்டியல் ஒன்று இதற்காகவே பராமரிக்கப்படுகிறது. அரசுகள் விதியை மாற்ற மாற்ற அதையும் திருத்துகிறார்கள். சில சமயம் திருத்தவே அவகாசம் கிடைப்பதில்லை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கடைசி நேரத்தில் கோடை நேரத்தைத் தள்ளிவைக்கப்போய், ஒரே நாட்டில் சில நாள் இரண்டு மணி ஓடியது.

இன்னொரு வாங்குபவரின் பழைய மென்பொருளில் கோடை நேரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. மார்ச்சில் யாரோ அதில் டிக் போடுவார்கள். உடனே புதிய செய்திகளோடு குளிர்காலத்துப் பழைய செய்திகளும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். பிப்ரவரியில் அச்செடுத்த தாளில் 9:15 என்று இருந்த செய்தி ஏப்ரல் தாளில் 10:15. ஒரே கோப்பில் இரண்டு தாளும் இருந்தால் எதை நம்புவது? காட்டும் மணி மாறலாம், ஆனால் நடந்து முடிந்த ஒன்றின் நேரத்தை யாரும் ஒரு கட்டத்தில் டிக் போட்டு மாற்றக் கூடாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. இப்போது எங்கள் பிரிவிலிருந்து போகும் எந்தச் செய்தியிலும் நேரத்தோடு நம் விலகலான +0530 இருக்கும். புது வாங்குபவர் வந்தால் அவர்கள் மென்பொருள் நேரத்தை எப்படிச் சேமிக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த மாற்றத்தையே நிறுத்த 2019இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒத்துவராததால் அது அப்படியே கிடக்கிறது. ஆகவே மாற்றம் தொடரும், நாங்களும் தயாராகத்தான் இருக்க வேண்டும். நியூ ஜெர்சிக்காரர்களோடு வாராந்திரப் பேச்சு அவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு. கோடையில் அது நமக்கு மாலை ஆறரை, நவம்பரில் ஏழரை ஆகிவிடும். எங்கள் பிரிவில் பாதிக்கு மேல் பெண்கள், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஏழரைக்கு ஆரம்பித்தால் பஸ் போய்விடும், அதுவும் மழை மாதத்தில். குளிர்காலத்தில் மட்டும் அவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதினோம். சரி என்றார்கள்.