'கடை' ஏன் 'குடை' ஆகிறது: லிப்ரே ஒஃபிஸ் கொடுப்பவர்களுக்கு

வேர்ட், எக்ஸெலுக்குப் பதிலாகப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை பென் ட்ரைவில் போட்டு எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. அதன் எம்பிஎல் 2.0 உரிமம் இடம் தருகிறது. நிறுவித் தருவதற்குக் கூலியும் வாங்கலாம். ஏறத்தாழ 350 எம்பிதான். திருகோணமலை டவுனில் ஒருமுறை இறக்கி வைத்தால், போன் டேட்டாவை நம்பியிருக்கும் மூதூர், குச்சவெளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே கொப்பி பண்ணலாம். விண்டோஸ் 7, 8 ஓடும் பழைய கணினிகளுக்கு 25.2 பதிப்பைத் தனியே வைத்திருங்கள். 25.8 அவற்றில் ஏறாது.

நிறுவியதோடு விட்டுவிட்டால் ஒரு கிழமைக்குள் அவர்கள் பழைய கள்ள வேர்டுக்கே திரும்பிவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

பிரதேச செயலகத்துக்குக் கடிதம், கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியில் அடிப்பவர்கள் நிறைய. அது யுனிகோட் (தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் முறை) அல்ல, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. மென்பொருளின் கண்ணுக்கு அது ஆங்கிலம்தான் என்பதால், வசனத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. 'கடை' என்று அடித்தால் 'குடை' வரும். 'அம்மா' 'ஆம்மா' ஆகிவிடுவார். வேர்டும் இதே வேலையைச் செய்வதுதான். அங்கே யாரோ எப்போதோ நிறுத்தி வைத்ததை மறந்துவிட்டு, பழியைப் புதிய மென்பொருளில் போடுகிறார்கள்.

டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸைத் திறந்து, அதற்குள் ஒப்ஷன்ஸ் தாவலுக்குப் போங்கள். வசன முதலெழுத்தைப் பெரிதாக்குவது, சொல்லின் தொடக்கத்தில் வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்துவது ஆகிய இரண்டுக்கும் 'டி' என்ற செங்குத்து நிரலில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். தட்டச்சின்போது நடப்பது அந்த நிரல்தான். சிவப்புக் கோடுகள் தொல்லை தந்தால் ஷிஃப்ட், எஃப்7 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

யுனிகோடில் சிக்கல் வேறு. ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் அசையாமல் நிற்கும். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் சிடிஎல் (தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான) பகுதியில் தனியே இருக்கின்றன. அந்தப் பகுதி தெரியாவிட்டால் மொழி அமைப்புகளில் சிடிஎல்லை இயக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கணினியில் லோட்/சேவ் அமைப்பில் வேர்ட், எக்ஸெல் வடிவங்களை இயல்பாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் அனுப்பும் ஓடிடி (லிப்ரே ஒஃபிஸின் சொந்த வடிவம்) கோப்பு யாருடைய போனிலாவது திறக்காது. அச்சுக்குப் போவது எப்போதும் பிடிஎஃப். நிலாவெளி விடுதிகளில் பில் போடும் எக்ஸெல் கோப்பில் மெக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால், அதை ஓட்டிப் பார்க்காமல் எக்ஸெலை அழிக்கவே வேண்டாம். பாதி மெக்ரோ ஓடும், மீதி ஓடாது.

உயர்தர மாணவர்கள் தரவுத்தளம் பழக லிப்ரே ஒஃபிஸின் பேஸ் என்ற பகுதியைத் திறந்தவுடன் ஜாவா இல்லை என்று வரும். 64 பிட் லிப்ரே ஒஃபிஸுக்கு 64 பிட் ஜாவாதான் வேண்டும். 32 பிட்டை ஏற்றினாலும் அதே செய்திதான் வரும். ஜாவாவின் நிறுவியையும் அதே பென் ட்ரைவில் போட்டுவிடுங்கள்.