குருணைகளின் கொடுக்கல் வாங்கல்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஒரு தொகுதி மாதிரிகள் முழுவதையும் நான் வீணாக்கினேன். சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரையில் அள்ளிய மணலைக் கண்ணாடிக் குப்பிகளில் மட்டுமே அடைக்க வேண்டும் என்று எங்கள் சோதனைக்கூடத்தின் செய்முறைக் குறிப்பு தெளிவாகச் சொல்லியிருந்தும், குப்பிகள் போதாமல் போன அவசரத்தில், மூடியின் உட்புறம் மெத்தென்ற வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாக்களில் பாதி மணலை அடைத்துவிட்டேன். ஒப்பீட்டுக்காக அதே வகை டப்பாவில் வைத்திருந்த, உலையில் சுட்டுத் தூய்மையாக்கிய மணலான பிளாங்க்கிலும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் ஏராளமாகத் தென்பட்டபோதுதான் பிழை தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்த மூத்த வேதியியலாளர் கோபப்படவில்லை. “தம்பி, டப்பாவச் சும்மா ஒரு பாத்திரம்னு நினைச்சிட்டீங்க. அதுவும் கொடுக்கும், வாங்கும்” என்றார்.

அந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பிளாஸ்டிக் நச்சை வாங்குவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட் கரையில் கடல் கொண்டுவந்து தள்ளும் குப்பைக்கு இடையே, பிளாஸ்டிக் பொருள்கள் வார்ப்பதற்கான மூலப்பொருளாகிய, பயறளவே உள்ள குருணைகள் கிடைக்கும். அவற்றை உலோக இடுக்கியால் பொறுக்கி, அலுமினியத் தாளில் மடித்து எடுத்து வருவோம். தண்ணீரோடு சேர விரும்பாமல் எண்ணெய்ப் பசையை நாடும் பழைய மின்சாதனங்களில் பயன்பட்ட பிசிபி, டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் சிதைவுப்பொருள்கள் போன்ற நச்சுகளுக்குக் கடலில் மிதக்கும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் ஓர் எண்ணெய்த்துளி போலவே அமைந்துவிடுகிறது. தோக்கியோ விரிகுடாவில் புதிய குருணைகளை ஆறு நாள் நீரில் வைத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அவற்றில் இந்த நச்சுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனதை 2001இல் வெளியிட்டார்கள். கரையில் கிடந்த குருணைகளில் இருந்த செறிவு, சூழ்ந்திருந்த கடல்நீரில் இருந்ததைவிடப் பத்து இலட்சம் மடங்குவரை உயர்ந்திருக்கலாம் என்றும் அவர்கள் கணித்தார்கள். அதே குழுவைச் சேர்ந்த பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா 2005இல் தொடங்கிய திட்டத்துக்கு, உலகின் பல கரைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் குருணைகளைப் பொறுக்கி அஞ்சலில் அனுப்புகிறார்கள். மஞ்சளேறிய குருணைகளை அங்கே தனியே பிரிப்பார்கள். நெடுங்காலம் வெயிலிலும் நீரிலும் கிடந்தவை என்பதால் அவற்றில் பிசிபி கூடுதலாக இருக்கும். நாங்களும் நிறம் பார்த்தே பிரிக்கிறோம்.

இந்தக் கணக்குகளைக் கேட்டுவிட்டு, தேக்காவில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் ஒருநாள், “அப்ப மீன் சாப்பிடக் கூடாதா தம்பி?” என்று கவலையோடு கேட்டார். சாப்பிடலாம் என்றேன். ஒட்டிக்கொண்ட நச்சைப் பொறுத்தவரை, மீனின் உடலுக்குள் பிளாஸ்டிக் நுண்துகள் வழியாகச் செல்வதைவிட, அது வாழும் நீரின் வழியாகவும் அது தின்னும் இரையின் வழியாகவும் செல்வதே பெரும்பாலும் அதிகம் என்பது பல கணித மாதிரிக் கணக்கீடுகளின் முடிவு. குருணை நச்சைச் சுமக்கிறது என்பது உண்மை. கடலில் அதைச் சுமப்பது குருணை மட்டுமன்று என்பதும் உண்மை.

கொடுப்பதுதான் என்னை வருத்துகிறது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கவும், எளிதில் தீப்பற்றாமல் காக்கவும், வெயிலைத் தாங்க வைக்கவும் தொழிற்சாலையிலேயே கலக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை, பிளாஸ்டிக்கின் உடலான பாலிமர் என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியோடு வேதியியல் பிணைப்பில்லாமல் இடையில் தங்கியிருப்பவை. எனவே மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. என் டப்பாவிலும் நடந்தது அதுதான். டயர் தேய்ந்து உதிரும் துகள் இதற்கு இன்னும் கடுமையான சான்று. டயரின் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழைநீர் ஓடிச் சேரும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே மடிந்ததற்குக் காரணம் இந்தப் பொருள்தான் என்று 2020 டிசம்பரில் தெரியவந்தது. பல ஆண்டுகளாக விடை தெரியாமல் இருந்த அந்தச் சாவுகளுக்குப் பின்னால், டயரைக் காப்பதற்காகக் கலந்த ஒரு பொருள் இருந்தது.

கடலில் வந்து ஒட்டியதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, நாமே கலந்து அனுப்பியதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் எண்ணம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையில் விழும் மழை கால்வாய் வழியே நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். அதனால் கடற்கரையோடு சேர்த்து இப்போது சாலையோரக் கால்வாய்க்கும் குப்பிகளோடு போகிறேன். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் நீர் கறுத்து வரும். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். பிளாங்க் குப்பியில் தூய நீரை நிரப்பி மூடி, அதன்மேல் பெயரெழுதிய பிறகுதான் மற்றக் குப்பிகளைக் கால்வாயில் இறக்குகிறேன். எல்லாம் கண்ணாடிக் குப்பிகள்.