கிரேடு 6 பியானோவில் சொந்த பீஸ்: 7/8 என்று மட்டும் போடாதீர்கள், 3+2+2 என்று காட்டுங்கள்

லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு 6 பியானோ தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. டிஸ்டிங்ஷன், 88. நானே எழுதி வாசித்த பீஸுக்கு 22-க்கு 21. மூன்று பீஸில் அதற்குத்தான் அதிக மார்க். ரிசல்ட் வரும் வரை வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஸ்கேல் எப்படிப் பழகுவது, சைட் ரீடிங்குக்கு எந்தப் புத்தகம் என்பதெல்லாம் இங்கே இல்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வுக்கென்று கொடுக்கும் லிஸ்ட்டில் இருக்கும் ஒரு பீஸுக்குப் பதிலாகச் சொந்த பீஸ் கொடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இது. அதிலும் மிஸ்ர சாபு (ஏழு), கண்ட சாபு (ஐந்து) மாதிரி நம்ம தாளத்தில் எழுத ஆசைப்படுபவர்கள் கட்டாயம் படியுங்கள். சொல்லப்போவது ஒரே விஷயம்தான்: டைம் சிக்னேச்சரை, அதாவது ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) எந்த நோட்டு எத்தனை என்று சொல்லும் எண்ணை, உடைத்துக் காட்டுங்கள். 7/8 (பாருக்கு ஏழு குவேவர் நோட்டு) என்று போடாமல் மேலே 3+2+2, கீழே 8. என் மார்க்கில் பாதி அதனால் வந்தது என்றே நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு பீஸுக்கும் உள்ள 22 மார்க் எப்படிப் பிரிகிறது என்று உங்களுக்குத் தெரியும்: சரளமும் துல்லியமும் சேர்த்து 7, டெக்னிக் 7, உணர்த்தும் விதம் 8. லிஸ்ட்டில் உள்ள பீஸ் என்றால் எக்ஸாமினருக்கு அது ஏற்கெனவே தெரியும். நீங்கள் எங்கே அழுத்துகிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்பதை அவர் காதே சொல்லிவிடும். சொந்த பீஸை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார். நீங்கள் வாசிப்பது சரியா தப்பா என்று பார்க்க அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த காகிதம் மட்டும்தான். காகிதத்தில் ஏழு எப்படி நடக்கிறது என்று இல்லையென்றால், நீங்கள் நாலாவது குவேவரில் கொடுக்கும் அழுத்தம் தாளமா தடுமாற்றமா என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

என் பீஸ் மிஸ்ர சாபுவில். எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த காது, அதனால் தகிட தகதிமி (மூன்று, நாலு) எனக்கு எண்ண வேண்டிய விஷயமே இல்லை, தானாக ஓடும். முதலில் 7/8 என்று போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஏழுன்னு மட்டும் போட்டு வச்சிருக்க? தகிட தகதிமியா, தகதிமி தகிடவா?" என்றார். "கேட்டா தெரியும் மாஸ்டர்" என்றேன். "கேக்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல தெரியணும். வாசிக்கிறவன் கை வைக்கிறதுக்கு முன்னாடியே தெரியணும்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் பியானோவைவிட மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் சாஃப்ட்வேரில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தேன்.

3+4-ஆ, 3+2+2-ஆ என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே சரி. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் தன் 'மைக்ரோகாஸ்மோஸ்' பியானோ தொகுப்பின் ஆறாம் புத்தகத்தில் பல்கேரிய தாளத்தில் ஆறு நடனங்கள் எழுதியிருக்கிறார், 148 முதல் 153 வரை. முதல் நடனத்தில் 4+2+3 என்று நாலை உடைக்காமலே போட்டிருக்கிறார். அடுத்தது 2+2+3. கடைசி நடனம் 3+3+2. அதைக் கூட்டினால் எட்டு, ஆனால் 8/8 என்றோ 4/4 என்றோ அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த நடனமே வேறாகியிருக்கும். அந்த ஆறையும் முன்னால் வைத்துப் பாருங்கள், இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் இல்லை.

நான் 3+2+2 எடுத்ததற்குக் காரணம், மிஸ்ர சாபுவுக்குத் தட்டும்போது 1, 4, 6-இல் தட்டு விழுகிறது. என் இடது கையும் அந்த மூன்று இடத்தில்தான் பேஸ் நோட் போடுகிறது. உங்கள் பீஸில் பின்பாதி நாலாகச் சேர்ந்தே ஓடுகிறது என்றால் 3+4 போடுங்கள். கை எங்கே விழுகிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள், புத்தகத்தைப் பார்த்து அல்ல.

இனி சாஃப்ட்வேர். நான் பயன்படுத்தியது மியூஸ்ஸ்கோர் 4. இலவசம்.

பேலட்டிலிருந்து 7/8 எடுத்து முதல் பாரில் போடுங்கள். ஸ்கோரில் விழுந்த அந்த டைம் சிக்னேச்சர் மேலேயே ரைட் கிளிக் செய்து டைம் சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ் திறங்கள். உள்ளே மதிப்பு 7/8 என்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். பாரின் நீளத்தை அதுதான் தீர்மானிக்கிறது. டெக்ஸ்ட் என்ற இடத்தில் மேல் கட்டத்தில் 3+2+2, கீழ்க் கட்டத்தில் 8. ஓகே கொடுத்தால் பக்கத்தில் மாறிவிடும்.

நிறையப் பேர் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். டெக்ஸ்ட் பெட்டி எழுத்தை மட்டும்தான் மாற்றுகிறது. குவேவர்களைக் கோர்க்கும் பீம் பழையபடியே நிற்கும். மேலே 3+2+2 என்று சொல்லிவிட்டு கீழே நோட்டுகள் வேறு மாதிரி கட்டப்பட்டிருந்தால், வெறும் 7/8 போட்டதைவிட அது மோசம். காகிதமே தன்னோடு முரண்படுகிறது.

அதே ஜன்னலில் பீம் குழுக்களைப் பிரிக்கும் பகுதி இருக்கிறது. குவேவர், அதில் பாதியான செமிகுவேவர், அதிலும் பாதியான டெமிசெமிகுவேவர் என்று மூன்று வரிசை. எந்த நோட்டிலிருந்து புதுக் குழு தொடங்க வேண்டுமோ அந்த நோட்டில் கிளிக் செய்தால் பீம் அங்கே அறும்.

3+2+2 என்றால் நாலாவது, ஆறாவது குவேவர்.
செமிகுவேவர் வரிசையில் ஏழாவது, பதினொன்றாவது.
2+2+3 என்றால் மூன்றாவது, ஐந்தாவது குவேவர். செமிகுவேவரில் ஐந்தாவது, ஒன்பதாவது.

சிறிய நோட்டுகளையும் சேர்த்து மாற்றுவதற்கு அங்கே ஒரு டிக் பெட்டி உண்டு. அதை வைத்தால் ஒவ்வொரு வரிசையாகக் கிளிக் செய்யும் வேலை மிச்சம். இருந்தாலும் மூன்று வரிசையையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பீமுக்கு அடுத்தது, சாஃப்ட்வேர் செய்து தராத வேலை. எல்லை தாண்டும் நோட்டுகள். என் பீஸில் நாலாவது பாரில் வலது கை மெலடி மூன்றாவது குவேவரில் தொடங்கி ஒரு குரோட்செட் (இரண்டு குவேவர்) நீளம் நிற்கிறது. அதாவது தகிட முடிந்து தகதிமி தொடங்கும் இடத்துக்கு மேலேயே படுத்திருக்கிறது. அதைக் குரோட்செட் என்றே எழுதினால் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் கண்ணுக்கு நாலாவது குவேவர் எங்கே என்று தெரியாது. அதை இரண்டு குவேவராக உடைத்து டை (இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்க்கும் வளைகோடு) போட்டேன். மூன்றாவது குவேவர் ஒரு குழுவில், நாலாவது அடுத்த குழுவில், நடுவில் டை. ரெஸ்ட்டுக்கும் (மௌனக் குறி) இதே சட்டம்தான்: எல்லையைத் தாண்டி ஒரே ரெஸ்ட் போடாதீர்கள், உடைத்துப் போடுங்கள். பார் முழுக்க இரண்டே நோட்டு என்றால் டாட்டட் குரோட்செட் (மூன்று குவேவர்), பிறகு மினிம் (நாலு குவேவர்). அதைப் பார்த்தாலே மூன்றும் நாலும் தெரிந்துவிடும்.

நடுவில் என் பீஸ் திரும்புகிறது. சியாமா சாஸ்திரி விலோம சாபுவில் பாட்டுகள் செய்திருக்கிறார் அல்லவா, நாலு முன்னால் மூன்று பின்னால். அந்த ஆசையில் நடுப்பகுதியை 2+2+3 என்று வைத்தேன். பாரின் நீளம் அதே ஏழுதான் என்பதால் புது டைம் சிக்னேச்சர் எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் கட்டாயம் வேண்டும். அந்தப் பாரில் மறுபடி ஒரு 7/8 போட்டு, அதன் டெக்ஸ்ட்டை 2+2+3 என்று மாற்றி, பீமையும் தனியாகப் பிரித்தேன். அந்த இடத்திலிருந்து பீம்கள் புதுக் கணக்கில் போகும். பழையதற்குத் திரும்பும் இடத்தில் மீண்டும் 3+2+2. வெறும் 7/8 போட்ட பேப்பராக இருந்தால் இந்தத் திருப்பமே எக்ஸாமினர் கண்ணில் பட்டிருக்காது. நான் தாளம் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்.

இந்த மாற்றம் ஒரு வரியின் தொடக்கத்தில் வந்தால், முந்தைய வரியின் கடைசியிலேயே எச்சரிக்கையாக டைம் சிக்னேச்சர் ஒருமுறை தெரியும். அதை நிறுத்தும் வசதியும் உண்டு. நிறுத்தாதீர்கள்.

மணலி எங்களுக்குப் பக்கத்து ஊர். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் மணலி முதலியாரின் ஆதரவில் அங்கே இருந்தபோதுதான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டு நோட்டு சுவரங்கள் செய்தார். அங்கிருந்து இங்கே வந்த பாதை அது. இங்கிருந்து அங்கே போகும்போது நம்ம தாளத்தை அவர்கள் எழுத்தில் முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. 7/8 என்பது மிஸ்ர சாபுவின் நீளம் மட்டும்தான்.

மற்ற சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு:

ஃபினாலேவில் காம்போசிட் என்று தனி பட்டனே உண்டு. வாசிப்பதற்கு ஒன்று, காட்டுவதற்கு வேறொன்று என்று வைக்கவும் முடியும். ஆனால் 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். புதிதாக அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

டோரிகோவில் ஷிஃப்ட்டும் எம்மும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் கூட்டல் குறியோடு டைப் செய்ய வேண்டும்.

லில்லிபாண்ட் எழுதிப் பழகியவர்களுக்கு காம்பவுண்ட்மீட்டர் கட்டளை இருக்கிறது. கீழ் எண் வேறு வேறாக உள்ளவற்றையும், அதாவது 1/4 + 3/8 மாதிரியானவற்றையும், அது அப்படியே பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

மியூஸ்ஸ்கோரில் ஒரு கை மட்டும் வேறு டைம் சிக்னேச்சரில் போக வேண்டும் என்றால் கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு அந்தக் கையின் ஸ்டாஃபில் (ஐந்து கோடு) இழுத்துப் போடலாம். கிரேடு 6-க்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கையால் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று என் அத்தை பையன் கேட்டான். ஐந்தாம் கிரேடு வரை புரிகிற எந்த முறையிலும் எழுதிக் கொடுக்கலாம், ஆறிலிருந்துதான் ஸ்டாஃப் நோட்டேஷன் கட்டாயம். கையால் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் நான் ஒரு பாரையே பலமுறை அழித்து எழுதும் ரகம். பென்சிலில் செய்தால் பேப்பர் கிழிந்திருக்கும். உங்கள் கையெழுத்து சுத்தமாக இருந்தால், ஒருமுறையில் முடிவெடுப்பவராக இருந்தால், தாராளமாகக் கையால் எழுதுங்கள். 3+2+2 மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தினமும் செய்தது: டெம்போ குறியைக் குவேவரில் வைத்து (குரோட்செட்டில் வைத்தால் ஏழில் இடிக்கும்), மெட்ரோனோமைக் குவேவருக்கு ஓடவிட்டு, வாயால் தகிட தக திமி சொல்லிக்கொண்டே இடது கை மட்டும். பிறகு மெட்ரோனோம் இல்லாமல். பிறகு இரண்டு கையும். நடுப்பகுதிக்குத் திரும்பும் பாரையும் அதற்கு முந்தைய பாரையும் மட்டும் தனியாக எடுத்து, சுற்றிச் சுற்றி வாசித்தேன். மற்ற பக்கங்களைவிட அந்த இரண்டு பாருக்குத்தான் அதிக நேரம் போனது.

பிரிண்ட் விஷயம் சின்னதாகத் தெரியும், இல்லை. மியூஸ்ஸ்கோரிலிருந்து பிடிஎஃப்-ஆக எக்ஸ்போர்ட் செய்துதான் எடுத்துப் போக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவும் வேண்டாம், கூட்டல் குறியெல்லாம் புள்ளியாகிவிடும். டி.எச். ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடை அண்ணன், பேப்பர் மிச்சம் என்று நினைத்து ஒரு தாளில் இரண்டு பக்கம் போட்டுத் தருபவர். "அண்ணா, ஏ4, ஒரு பக்கத்துக்கு ஒரு தாள், சைஸ் குறைக்காதீங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லி வாங்கினேன்.

தேர்வு அன்று கையில்:

பீஸின் காப்பி எக்ஸாமினருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உள்ளே போனதும் பீஸ் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.
மேலே தலைப்பு, உங்கள் பெயர், டெம்போ. டெம்போ இல்லாமல் கொடுக்காதீர்கள்.
லிஸ்ட் பீஸ்களுக்கு ஒரிஜினல் புத்தகம்.
டிஜிட்டல் முறையில் வீடியோ அனுப்புபவர்கள் பீஸின் பிடிஎஃப்-ஐயும் சேர்த்து ஏற்ற வேண்டும். கடைசி நாள் ராத்திரி வரை வைத்திருக்காதீர்கள்.

கடைசியாக, கண்ட சாபு எழுதுபவர்களுக்கு: மதிப்பு 5/8, டெக்ஸ்ட் 2+3, பீம் மூன்றாவது குவேவரில் அறும். சங்கீர்ணம் (ஒன்பது) என்றால் மதிப்பு 9/8, டெக்ஸ்ட் 4+5 அல்லது 2+2+2+3. இதில் இன்னும் கவனம் வேண்டும், 9/8 என்று மட்டும் பார்த்தால் யாரானாலும் மூன்று மூன்றாகத்தான் எண்ணத் தொடங்குவார்கள்.